கிரிஃபோ பிரபு மாட்டிய வளையம்

கப்பலேறி மேற்கே மேற்கே போனால் பனி கொட்டுகிற தேசங்கள் வரும். அதிலே ஒரு தேசத்தை முன்னொரு காலத்திலே ஓஸ்மண்ட் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். கோபம் வந்தால் மட்டும் கண்மண் தெரியாது.

அந்த ஊரில் ஒரு விளையாட்டு. ரெண்டு வீரர்கள் இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டு, எதிரெதிரே குதிரையில் வந்து, நீளமான ஈட்டியால் ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிட வேண்டும். ஒருநாள் ராஜாவே இறங்கினார். எதிராளி கிட்டே வரவேயில்லை, அதற்குள் ராஜா சரிந்து தொப்பென்று சேற்றில் விழுந்தார்! ஊரே சிரித்தது. ராணியும் சிரித்தாள். அதுதான் ராஜாவால் தாங்க முடியவில்லை.

கிரிஃபோ பிரபு ஓடிவந்து தூக்கிவிட்டான். "மகாராஜா, உங்கள் மேல் என்ன தப்பு? சேணத்து வார் அறுந்துவிட்டது. தைத்தவன் கெர்லாக், நம்ம மந்திரி ஏமெரியின் தங்கை புருஷன்" என்றான். மந்திரியைக் கண்டால் கிரிஃபோவுக்கு வயிறு எரியும். அதை எப்படித் தீர்ப்பது என்று காத்துக்கொண்டிருந்தவன் அவன்.

"கெர்லாக்கைக் கண்ட இடத்தில் வெட்டுங்கள்!" என்றார் ராஜா. வாரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கெர்லாக் ஓடிப்போய் ஒரு மாவு மில்லில் ஒளிந்துகொண்டான்.

அந்தக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாதா கோயில் கதவில் சிங்க முகம் போட்ட வெண்கல வளையம் தொங்கும். உயிருக்குப் பயந்து ஓடிவருகிறவன் அதைப் பிடித்துவிட்டால் போதும், நாற்பது நாளைக்கு ராஜாகூட அவனைத் தொட முடியாது. ஆச்சரியமாக இல்லை? ஒரு வளையத்துக்கு அவ்வளவு பலம்!

கிரிஃபோவுக்கும் அது தெரியும். சபையிலே எழுந்தான். "மகாராஜா, அவன் கோயிலுக்குத்தான் ஓடுவான். வளையத்தைக் கழற்றிவிட்டால் என்ன? பலம் இருப்பது வளையத்தில்தானே, கோயிலிலா இருக்கிறது?"

ராஜாவுக்குக் குஷி வந்துவிட்டது. "பலே! கழற்று. நீயே வைத்துக்கொள்."

பார்க்க அழகான வளையம். கிரிஃபோ சும்மா இருப்பானா? மத்தியானத்துக்குள் தன் மாளிகைக் கதவில் ஆணியடித்து மாட்டிவிட்டு, வெறுப்பேற்றவென்றே மந்திரியைக் கூப்பிட்டுக் காட்டினான். மந்திரிக்குத் தங்கை கிஸ்லாவின் அழுத முகம்தான் கண்ணில் நின்றது. ஆனாலும் குனிந்து வளையத்தின் ஓரத்தைப் பார்த்தார். பொடி எழுத்தில், லத்தீனில், என்னமோ வெட்டியிருந்தது. படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

"இதிலே என்ன எழுதியிருக்கிறது, தெரியுமா பிரபு?"

"எழுத்தா? அதெல்லாம் உம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் வேலை ஐயா! குதிரை ஏறுகிறவனுக்கு எதற்கு?" என்று சிரித்தான் கிரிஃபோ. அங்கே பெரிய இடத்து ஆட்கள் எல்லாருக்கும், படிக்கத் தெரியாது என்பதே ஒரு பெருமை.

"வாஸ்தவம். இந்தக் கதவு உம்முடையதுதானே?"

"என் கதவு, என் வளையம்!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

மந்திரி வீட்டுக்குப் போய்த் தங்கையைத் தேற்றினார். "அழாதே அம்மா. உன் புருஷனைக் கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல். நேரே கிரிஃபோ வீட்டு வாசலுக்கு ஓடட்டும்" என்றார்.

சேவகர்கள் அத்தனை பேரும் கோயிலைச் சுற்றிக் காத்துக்கிடந்தார்கள். கெர்லாக் உடம்பெல்லாம் மாவோடு கடைவீதி வழியே ஓடி, பிரபு வீட்டு வளையத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கிரிஃபோ சாப்பாட்டுக் கையோடு வெளியே வந்தான். ராஜாவும் வந்தார், வாளோடு.

"மகாராஜா, வெட்டுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்" என்று மந்திரி படித்தார்: "இந்த வளையத்தைப் பிடித்தவனை என் வம்சத்து ராஜா எவனும் தொடமாட்டான். இது தொங்கும் கதவுக்குச் சொந்தக்காரன் நாற்பது நாள் அவனுக்குச் சோறு போடுவான். தொட்டவன் கிரீடம் இழப்பான்." பிறகு சொன்னார்: "இது உங்கள் பாட்டனார் வாக்கு."

"நீயாகக் கட்டிச் சொல்கிறாயா?" என்று ராஜா கோயில் பாதிரியாரை வரவழைத்தார். அவரும் ஒரு எழுத்து மாறாமல் அதையே படித்தார்.

"அது கோயிலுக்கு, என் வீட்டுக்கு இல்லை!" என்று குதித்தான் கிரிஃபோ.

"பலம் வளையத்தில்தான் என்று சபையில் சொன்னது யார், பிரபு?" என்றார் மந்திரி.

ராஜா பாட்டனார் பெயரை எண்ணி வாளை உறையில் போட்டார். "கிரிஃபோ, அவனுக்குச் சோறு போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கெர்லாக் நன்றாகச் சாப்பிட்டான். அதோடு முடிந்ததா? விஷயம் ஊரெல்லாம் பரவிற்று. கோழி திருடினவன் வந்தான், பண்ணையை விட்டு ஓடின அடிமை வந்தான், மாமியாரை அடித்த ஒருத்தி வந்தாள். ஆறே நாளில் பத்தொன்பது பேர்! கிரிஃபோவுக்குப் படுக்கத் தன் வீட்டில் இடமில்லை. வளையத்தைக் கழற்றப் போனால் எந்நேரமும் யாராவது பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஏழாம் நாள் சபையில் வந்து விழுந்தான். "மகாராஜா, வளையம் கோயிலுக்கே போகட்டும். கெர்லாக்கை மன்னித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்."

"வார் அறுந்துபோகும்படி தைத்தவனை எப்படி மன்னிப்பது?"

கிரிஃபோ தலையைத் தொங்கப்போட்டான். "வார் அறவேயில்லை, மகாராஜா. நான் சொன்னது பொய்."

ராஜா மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால் நான் ஏன் விழுந்தேன்?"

கிரிஃபோ மந்திரியைப் பார்த்தான். மந்திரி கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லை. "நீங்கள்... ராணியம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினீர்கள். கையோடு சேர்ந்து நீங்களும் சாய்ந்துவிட்டீர்கள்."

ராணி முதலில் சிரித்தாள். ராஜாவின் முகம் சிவந்தது, பிறகு அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரி விரலில் போட்டார். கெர்லாக் அன்றைக்கே கிஸ்லாவிடம் போய்ச் சேர்ந்தான். அரசருக்குப் புதுச் சேணம் தைக்கிற வேலையும் அவனுக்கே கிடைத்தது.

கிரிஃபோவுக்கு என்ன தண்டனை? தினமும் காலையில் கோயில் வாசலில் உட்கார்ந்து மந்திரியிடம் எழுத்துப் படிக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து, கதவின் முன்னால் நின்று, வளையத்தின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முழுசையும் தானே படித்தான். படித்து முடித்ததும் மந்திரி பக்கம் திரும்பிக் கேட்டான்: "மந்திரியாரே, என் வீட்டில் வேறு எதிலாவது ஏதாவது எழுதியிருக்கிறதா? கொஞ்சம் வந்து பாருங்களேன்."