சாயம் ஏறாத கோலம்

"அம்மா, தரை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுங்க."

செங்கோட்டுவேல் வந்து உட்கார்ந்ததும் சொன்னது இதுதான்.

பூரணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவருக்கு மகள் வயசுதான். ஆனாலும் குரு. அவளைத் தேடிச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். என்ன கேட்டாலும் நேராகப் பதில் வராது, வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு போவார். அப்புறம் மறுபடி வருவார்.

"எந்தத் தரைங்ணா?"

அது ஒரு கூத்து. கார் ஷெட்டை அடைத்து, மனைவி தெய்வானைக்குத் தையல் ரூம் ஆக்கினார். கான்கிரீட் தரை. அதற்குத் தானே சாயம் ஏற்றுவதாகக் கிளம்பினார். ஆள் வைத்துச் செய்யுங்கள் என்றால் கேட்கிற ஜென்மமா? ஈரோட்டுச் சாயப்பட்டறையில் பாதி ஆயுசைக் கழித்தவர். "துணிக்கே ஏத்துனவன், தரைக்கு ஏத்த மாட்டனா?" என்று ஜம்பம் வேறு.

சாயம் ஏறியது. நல்ல காப்பிக்கொட்டை நிறம். நடுவில் மட்டும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

புது ரூமில் பால் காய்ச்சிய அன்று தெய்வானை அரிசி மாவு கரைத்துக் கோலம் போட்டிருந்தாள். மாவு கான்கிரீட்டுக்குள் இறங்கிவிட்டது போல. அங்கே மட்டும் சாயம் பிடிக்கவில்லை. என்றைக்கோ கழுவிவிட்ட கோலம், பூவும் கொடியுமாக அப்படியே எழுந்து வந்துவிட்டது.

"அப்புறம்?"

"கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டேன்."

"என்ன வார்த்தை?"

அவர் கீரையைப் பார்த்தார்.

"தரையைக் கெடுத்துட்டியே மூதேவின்னு."

"யாராச்சும் இருந்தாங்களா?"

"பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும்."

தெய்வானை தையல் மெஷினைத் தம்பியின் வேனில் ஏற்றிக்கொண்டு காங்கேயம் போய்விட்டாள். வண்டி ஏறும்போது ஒன்றுதான் சொன்னாள். "அந்தக் கோலம் போனப்புறம் சொல்லுங்க, வர்றேன்."

"எப்படியாச்சும் அதை எடுக்கோணும்மா. அவ இல்லாம வீடு வீடாவே இல்லை."

"நல்லாத் தேய்ங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"கையால தேய்ங்க."

உப்புத்தாளை வாங்கித் தேய்த்தார். ஓரத்தில் குத்தவைத்து, எட்டி எட்டி, தோள்பட்டை கழன்று விழுகிற அளவுக்குத் தேய்த்தார். சுற்றியிருந்த சாயம்தான் வெளுத்தது.

திரும்ப வந்தார். "போகலைங்கம்மா."

"அப்ப இன்னொரு தடவை சாயம் போடுங்க."

போட்டார். தரை கருகருவென்று ஆனது. கோலம் முன்னைக்கும் பளிச்சென்று சிரித்தது.

இந்தத் தடவை அவர் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் போட்டார்.

"உங்களுக்குத் தரை வேலை தெரியுமாம்மா?"

"சுத்தமாத் தெரியாது."

"அப்புறம் எதுக்குச் சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்க."

அவருக்குக் கிறுகிறுவென்று வந்தது. இவளை நம்பி வந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"வாங்க, போய்ப் பாக்கலாம்" என்று பூரணி எழுந்தாள்.

ரூம் வாசலில் நின்று கோலத்தைப் பார்த்தாள்.

"அந்த ஜன்னலைத் திறங்க."

எதிர்ச் சுவரில் இருந்த ஜன்னலை அவர் போய்த் திறந்தார்.

"அந்த வாளியை எடுத்துட்டு வாங்க."

ஜன்னலடியில் இருந்ததை எடுத்து வந்தார்.

"வேண்டாம், அங்கயே வெச்சிருங்க. அந்த ஸ்டூலைக் கொண்டாங்க."

அதையும் கொண்டுவந்தார். அவள் உட்காரவில்லை.

"ஜன்னலைச் சாத்திருங்க."

"என்னம்மா இது, விளையாடறீங்களா?" மூச்சு வாங்கியது அவருக்கு. "எதுக்கு என்னை இப்படி அலைக்கழிக்கிறீங்க?"

"நானா அலைக்கழிக்கிறேன்? நேராப் போனா ஜன்னல் கிட்டத்தான இருக்கு. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் சுவரை ஒட்டிச் சுத்திச் சுத்திப் போறீங்க."

"பின்னே? கோலத்தை எப்படிங்க மிதிக்கிறது?"

சொன்னவர் திறந்த வாயை மூடவில்லை.

பூரணி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். ஒன்றும் புரியாதவர் மாதிரி தலையைத் தடவினார். அப்புறம் சுவரோரமாக உட்கார்ந்து போனை எடுத்தார்.

"போயிருச்சா?" என்றாள் தெய்வானை, எடுத்த எடுப்பில்.

"போகலை."

அவர் கைக்கெட்டிய கோலக் கொடியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னால அதை மிதிக்கக்கூட முடியலை தெய்வானை. அன்னைக்கு உன்னை அப்படிச் சொல்ல எப்படித்தான் வாய் வந்துச்சோ. தப்புத்தான். வந்துரு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்ப மெஷினை எங்க வெக்கிறதாம்?" என்றாள் தெய்வானை.