ஓடினால் என்ன?

"ஓடினால் என்னன்னு கேட்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

கேட்டவர் தேவசகாயம். கிரிக்கெட்டுக்கு வர்ணனை சொல்லியே தலை நரைத்தவர். தொலைக்காட்சி நிலையம் இந்த முறை அவரைத் தடகளப் போட்டிக்கு அனுப்பியிருந்தது. அதிலும் நடைப்போட்டிக்கு.

எதிரே நின்றவள் இன்பவல்லி. அவர் வயதில் பாதிதான் இருக்கும். அதிகம் பேர் பார்க்காத விளையாட்டுகளுக்கெல்லாம் வர்ணனை சொல்கிறவள்.

"இந்த விஷயத்துல நீங்கதான் எனக்குக் குரு" என்று வந்த அன்றே அவர் விளையாட்டாகச் சொல்லியிருந்தார். அவள் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

இருவரும் தங்கியிருந்த விடுதியின் நீண்ட நடைவழியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"விதியை எடுத்துச் சொல்லுங்க சார்."

"சொல்லாமலா? ஒரு கால் எப்பவும் தரையில் இருக்கணும். முன்னால் வைக்கிற கால் மடங்கக் கூடாது. மீறினால் நடுவர் சிவப்பு அட்டை போடுவார். மூணு அட்டை விழுந்தால் ஆள் வெளியே. பச்சைப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒருத்தர் போன் போட்டுக் கேட்கிறார், 'அதெல்லாம் சரி சார், அவ்வளவு அவசரம்னா ஓடிட்டுப் போறதுதானே?'ன்னு."

தேவசகாயம் கையை விரித்தார்.

"அதனாலதான் நேத்து ஆண்கள் போட்டியில் அதைச் சொன்னேன். வாத்துக் கூட்டம் இடுப்பை ஆட்டிக்கிட்டு வாய்க்காலுக்குப் போகுதுன்னு. நிலையத்துல ஒரே சிரிப்பாம். பார்க்கிறவங்க கூடிட்டாங்களாம். நாளைக்கும் வாத்து வேணும்னு தயாரிப்பாளர் சொல்லிட்டார். இல்லேன்னா பெண்கள் போட்டியை நடுவிலேயே நிறுத்திட்டு வேற ஏதாவது போட்டுடுவாராம்."

"அப்போ சொல்லிட வேண்டியதுதானே?"

அவர் குரல் இறங்கியது.

"காலையில் சாப்பிடுற இடத்துல ஒரு பொண்ணு வந்தா. தட்டைக் கையில் வச்சுக்கிட்டே நின்னா. 'சார், நாளைக்கு எங்க போட்டி. நாளைக்கும் வாத்துன்னு சொல்லுவீயளா? எங்கம்மா டிவி பாப்பா'ன்னு கேட்டா."

"பேரு?"

"இசக்கியம்மாள். நாங்குநேரிப் பக்கம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தேவசகாயம் தரையைப் பார்த்தார்.

"இட்லி நல்லா இருக்கான்னு கேட்டேன்."

நடைவழியின் கோடியில் லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது.

"சார், அந்த லிஃப்டைப் பிடிங்க. ஓடக் கூடாது. நடந்து."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நடந்தார்.

வேகமாக நடந்தார். இன்னும் வேகமாக. இடுப்பு தானாகவே ஆடத் தொடங்கியது. எதிரே வந்த யாரோ ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

சில எட்டுகளே பாக்கி இருந்தன. கதவு மூடத் தொடங்கியது.

தேவசகாயம் ஓடிப்போய்க் கதவிடுக்கில் கையை விட்டார்.

கதவு மறுபடி திறந்துகொண்டது. இன்பவல்லி மெதுவாக வந்து சேர்ந்தாள்.

"ஓடிட்டீங்க."

"கதவு மூடிடுச்சே!"

"யார் ஓடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. கால் தானா ஓடிடுச்சு."

"அவங்களுக்கும் அதே கால்தான் சார்."

அவர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார்.

"அவ்வளவுதானா?"

"லிஃப்ட் காத்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

மறுநாள் பெண்கள் போட்டி.

வர்ணனை அறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வெயில் ஏறிக்கொண்டே போனது. தேவசகாயம் விதியை ஒரே ஒரு முறை சொன்னார். வாத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

"சார், வாத்து" என்றார் தயாரிப்பாளர், காதில் மாட்டியிருந்த இயர்ஃபோனில்.

அவர் கேட்காததுபோல் இருந்தார்.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. இசக்கியம்மாள் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். முதல் மூன்று பேருக்குத்தான் பதக்கம். பின்னாலிருந்து ஒரு பஞ்சாப் பெண் நெருங்கிக்கொண்டிருந்தாள்.

"சார், ஆளுங்க சேனலை மாத்தறாங்க. ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க."

பஞ்சாப் பெண் தோளுக்குத் தோள் வந்துவிட்டாள்.

தேவசகாயம் நடுவர்களின் பலகையைப் பார்த்தார். இசக்கியம்மாளின் பெயருக்கு நேரே ஒரு சிவப்பு அட்டைகூட இல்லை. ஒன்று விழுந்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. இரண்டே இரண்டு எட்டு, கொஞ்சம் எவ்விப் போட்டால் போதும்.

எல்லைக்கோடு கண்ணுக்கெதிரே இருந்தது.

திரையில் அவளுடைய கால்களை மட்டும் காட்டினார்கள். முன்காலின் குதிகால் தரையைத் தொட்டது. அதற்குப் பிறகுதான் பின்காலின் விரல் தரையை விட்டது. மறுபடி குதிகால். மறுபடி விரல். முழங்கால் நடுங்கியது. மடங்கவில்லை.

அவர் கண்ணுக்குள் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டே வந்தது.

பஞ்சாப் பெண் அரை எட்டு முந்தினாள். பிறகு ஓர் எட்டு.

குதிகால். விரல்.

"சார், கேட்குதா? வாத்து சார், வாத்து!"

தேவசகாயம் இயர்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இன்பவல்லி தன்னுடைய மைக்கை அணைத்துவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

இசக்கியம்மாள் நான்காவதாகக் கோட்டைக் கடந்தாள். கடந்த பிறகும் நாலைந்து எட்டு அப்படியே நடந்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

அவர் மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்தார். இத்தனை காலம் எத்தனையோ பேருக்குப் பேசிய குரல் அது. இப்போது அது ஒரு வீட்டுக்கு மட்டும் போதுமான அளவுக்குத் தணிந்திருந்தது.

"அம்மா, பாத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்றார். "உங்க மக ஓடல."