கடற்கொள்ளையனைப் பார்க்கப் போனவள்

“மேடம், ஒரே ஒரு கடற்கொள்ளைக்காரனையாவது நான் கண்ணால பார்த்தாகணும்!”

ஆக்னஸ் இப்படிச் சொன்னபோது பேராசிரியர் தவமலர் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்னத்துக்கு?”

“கடைசி அத்தியாயம் மேடம். இன்னைக்கு இருக்கிற கொள்ளைக்காரங்களைப் பத்தி. எல்லாத்தையும் படிச்சிட்டேன், ஒருத்தரையும் பார்க்கலை. பார்த்தவங்களைக்கூடப் பார்க்கலை. அது இல்லாம எழுதினா உப்பில்லாம இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னனான்.”

“கையெழுத்துப் போடமாட்டேன்னும் சொன்னீங்க.”

“அதுவும் சொன்னனான்.”

பேராசிரியர் அடுத்த கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

ஆக்னஸின் ஆய்வுத் தலைப்பு, கடற்கொள்ளையர் அன்றும் இன்றும். அவளுக்கு அது வெறும் தலைப்பு இல்லை, பித்து. விடுதியில் யாராவது பல் தேய்க்கப் போனால்கூட வழிமறித்து ஒரு கொள்ளைக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் விடுவாள். அதனால் அவளுக்கு அங்கே ‘கேப்டன்’ என்று பெயர். பட்டப்பெயர் வைத்தவர்கள் கேலியாக வைத்தார்கள். அவள் பதக்கம் மாதிரி அணிந்துகொண்டாள்.

தவமலர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அக்கரையிலிருந்து படகில் வந்தவர். அகதி முகாமில் வளர்ந்து, படித்து, இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். இத்தனை வருஷமாகியும் பேச்சு மட்டும் அக்கரையிலேயே இருந்தது. அவரிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது, வேலைதான் கிடைக்கும் என்பது மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

“சரி, இவ்வளவு படிச்சியே. அண்டைக்கு இருந்த கொள்ளைக்காரனுக்கும் இண்டைக்கு இருக்கிறவனுக்கும் பொதுவா என்ன இருக்கு?”

ஆக்னஸ் இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

“அதுதான் மேடம் செம விஷயம்! அந்தக் காலத்துல பாய்மரக் கப்பல். இப்ப ஸ்பீட்போட். கொக்கி வச்ச ஏணியைப் போட்டு விறுவிறுன்னு ஏறிடறாங்க. அவங்களை ஏமாத்த, கப்பல்காரங்க பொம்மைக்குச் சட்டை பேண்ட் மாட்டி மேல்தளத்துல காவலுக்கு நிறுத்தி வைக்கிறாங்களாம். நம்ம ஊர் சோளக்கொல்லை பொம்மை மாதிரியே!”

“நான் பொதுவா என்ன எண்டு கேட்டனான்.”

“அதுக்குத்தான் வர்றேன். எவனும் தன்னைக் கொள்ளைக்காரன்னு சொல்லிக்கிட்டதே இல்லை மேடம். அன்னைக்கும் இல்லை, இன்னைக்கும் இல்லை. கடல் கொடுத்துச்சு, எடுத்துக்கிட்டோம். அவ்வளவுதான் அவங்க கணக்கு. அவங்க வீட்ல அடுத்தவன் பொருள் கிடக்கும். பிள்ளைங்க அதை வச்சு விளையாடிட்டிருக்கும். யாருக்கும் உறுத்தாது.”

“நல்லாச் சொன்னாய்.”

தவமலர் பாராட்டுவது அபூர்வம். ஆக்னஸுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பேராசிரியர் சுண்டல் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மேசைமேல் கிடந்த ஆக்னஸின் சாவிக்கொத்தை எடுத்தார்.

“இது என்ன?”

“எங்க வீட்டுச் சாவி மேடம்.”

“சாவி தெரியுது. சாவியில தொங்கிறது?”

பழைய ரப்பர் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய நீலத் துண்டு அது. அதன்மேல் சூட்டுக் கம்பியால் இழுத்த இரண்டு வளைவுகள், நடுவில் ஒரு புள்ளி. பார்த்தால் இரண்டு புருவமும் ஒரு பொட்டும் போல இருக்கும்.

“இதுவா? வலையில கட்டுற மிதப்பு மேடம். எங்கப்பாவுக்கு மீன்பிடி லாஞ்சு இருக்குல்ல, கடலுக்குப் போனா இந்த மாதிரி ஏதாவது, வாரி இழுக்கிற மடிவலையில சிக்கும், கொண்டுவந்து போடுவார். ஒரு சாக்கு நிறைய கிடக்கு. சின்ன வயசுல இதுங்களை வரிசையா உட்கார வச்சு டீச்சர் விளையாட்டு விளையாடுவேன். இவ பேர் பொட்டுக்காரி.”

தவமலர் பொட்டுக்காரியைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார். கட்டைவிரலால் அந்தப் புள்ளியை மெதுவாகத் தடவினார். பிறகு சாவிக்கொத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

“என்ர ஊருக்குப் போயிட்டு வா, பிள்ளை.”

“அங்க கொள்ளைக்காரங்க இருக்காங்களா?”

“வந்து போவினம்.”

ஆக்னஸ் எழுந்தே நின்றுவிட்டாள். “நிஜமாவா மேடம்? இத்தனை நாளா ஏன் சொல்லலை?”

“நீ இண்டைக்குத்தானே கேட்டாய்.”

அவள் ஓட்டமும் நடையுமாக வாசலுக்குப் போனபோது பின்னால் குரல் வந்தது.

“சாவியை விட்டிட்டுப் போறாய். கையோட கொண்டு போ.”

அம்மா மாதிரி எவ்வளவு அக்கறை என்று ஆக்னஸ் நினைத்துக்கொண்டாள்.

*

கப்பல் ஏறும் முன் அப்பா போனில் கூப்பிட்டார். நடுக்கடலில் படகுக்குப் படகு கத்திப் பேசிப் பழகிய குரல் அது. போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்தால்தான் காது தப்பும்.

“என்ன கேப்டன், கிளம்பியாச்சா?”

“ஏறப் போறேன்ப்பா. நிஜமான கொள்ளைக்காரங்களைப் பத்திச் சொல்லப் போறாங்கப்பா! நேர்ல பார்த்தவங்க!”

“பார்த்து இருந்துக்கம்மா. உன்னைப் பிடிச்சு வச்சுக்கிட்டாங்கன்னா ஒரு வார்த்தை சொல்லு. நம்ம லாஞ்சை எடுத்துட்டு வந்து மீட்டுட்டுப் போயிருவேன்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆக்னஸும் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் மூக்கும் அப்படியே அப்பன் ஜாடை என்று ஊரில் சொல்வார்கள். அவளைப் படிக்கவைக்க வேண்டாம் என்று உறவில் அத்தனை பேர் சொன்னபோது, என் மகள் படிப்பாள் என்று தனியாக நின்றவர் அவர். நல்ல மனிதர். இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்ல மனிதர்.

கப்பல் கிளம்பியதும் ஆக்னஸ் உள்ளே உட்காரவே இல்லை. மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் கரும்புள்ளி தெரிந்தால் உடம்பு சிலிர்க்கும். அது கிட்டே வந்து மீன்பிடி வள்ளமாகிப் போகும். அப்படியும் அவளுக்கு அலுக்கவில்லை. கடைசி அத்தியாயத்தின் முதல் வரியை மனதுக்குள் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.

*

பேராசிரியர் சொல்லி அனுப்பிய வீடு, ஒரு சின்னத் தீவில் கரையோரமாக இருந்தது. அருள்நேசன் என்ற மீனவர் முற்றத்தில் கிழிந்த வலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி செல்வராணி ஒரு குவியல் பழைய செருப்பைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்கோ வாங்கோ. தவமலர் அக்கா சொன்னவா. தேத்தண்ணி குடியுங்கோ.”

ஆக்னஸுக்குத் தேநீர் இறங்கவில்லை. அவ்வளவு பரபரப்பு. போனை வலைமேல் வைத்துப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினாள்.

“அண்ணா, நீங்க கடற்கொள்ளைக்காரங்களைப் பார்த்திருக்கீங்களா?”

“பாக்காம? இண்டைக்கும் வருவினம். அவை வாற நாளில நாங்கள் கடலுக்குப் போறேல்லை. அதுதான் வீட்டில குந்தியிருக்கிறன்.”

ஆக்னஸ் உட்கார்ந்திருந்த முக்காலி ஒரு ஆட்டம் ஆடியது.

“இன்னைக்கா! எத்தனை பேர் வருவாங்க?”

“ஆக்களை ஆர் கண்டது? வெளிச்சம்தான் தெரியும். கடலுக்க ஒரு பட்டணம் வந்து நிக்கிற மாதிரி இருக்கும்.”

“ஒரு பட்டணமா!” அவள் பேனா பறந்தது. “ஆயுதம்?”

“அதெல்லாம் இல்லை. அவையின்ர படகு ஒண்டே போதும். எங்கட வள்ளம் அதுக்குப் பக்கத்தில பிள்ளையள் விடுற கடதாசிக் கப்பல்.”

“உங்களைப் பிடிச்சு வச்சிருக்காங்களா?”

“எங்களை வச்சு என்ன செய்யிறது?” அருள்நேசன் சிரித்தார். “வலைதான் போகும். விரிச்ச வலையை அடியோட வாரிக்கொண்டு போயிடும். விடியப் போய்ப் பாத்தா கயித்துத் துண்டு மட்டும் மிதக்கும். போன வருசம் புது வலை. ஒரு நாள்தான் விரிச்சனான்.”

செல்வராணியின் கத்தரி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி வெட்டத் தொடங்கியது.

“அவங்களைக் கிட்டத்துல பார்த்திருக்கீங்களா? முகத்தை மூடியிருப்பாங்களா?”

“என்னத்துக்கு மூடுறது? ஒருக்கா இந்தா, உந்த வேலியடி தூரத்துக்கு வந்திட்டினம். நான் எழும்பி நிண்டு கத்தினன். அண்ணை, இதில வலை கிடக்கு, விலத்திப் போங்கோ எண்டு.”

“அவங்களுக்குப் புரிஞ்சுதா?”

“விளங்காம? ‘தள்ளிப் போய்யா’ எண்டு திருப்பிக் கத்திச்சினம்.”

பேனா நின்றது.

“தமிழ்லயா?”

“பின்ன? நீங்கள் கதைக்கிற மாதிரியேதான் தங்கச்சி. படகில பாட்டும் போகும். நல்ல பாட்டுகள். எங்களுக்கும் பிடிச்ச பாட்டுகள்தான்.”

ஆக்னஸ் தேநீரை எடுத்து மடமடவென்று குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

அந்தப் பட்டணத்தை அவளுக்குத் தெரியும். சாயங்காலம் அவள் ஊர் லாஞ்சுகள் எல்லாம் விளக்கோடு மொத்தமாகக் கிளம்புவதைப் பார்க்கக் கடற்கரைக்குப் போய் நிற்பாள். எத்தனை முறை கையாட்டியிருக்கிறாள்.

“அண்ணா, அது யார் யாரோட படகுன்னு உங்களுக்கு…”

“அந்த இருட்டில என்னெண்டு தெரியிறது? பேர் வாசிக்க ஏலாது.”

அவளுக்கு மூச்சு வந்தது. ஊரில் லாஞ்சுக்கா பஞ்சம்? யாரோ. வேறு யாரோ. அப்படி மூச்சு வந்ததற்காக அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது.

அப்போது ரப்பர் கருகும் வாசனை வந்தது.

செல்வராணி அடுப்பிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, வெட்டி வைத்த செருப்பு வட்டத்தில் அழுத்தினாள். ஒரு வளைவு. பக்கத்தில் இன்னொரு வளைவு. நடுவில் ஒரு புள்ளி.

“அது என்ன அக்கா?” ஆக்னஸ் முக்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எங்கட வீட்டுக் குறி. மாமி தொடங்கி வச்சது. இஞ்ச ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி இருக்கு. வலை அறுந்து மிதப்பு கரையில ஒதுங்கினா, குறியைப் பாத்து அந்த வீட்டில கொண்டுபோய்க் குடுக்க வேணும். ஆரும் வச்சிருக்க மாட்டினம். சண்டைக்காரர் எண்டாலும் படலையில வச்சிட்டுப் போவினம்.”

அவள் அந்த வட்டத்தை ஊதி ஆற்றினாள்.

“இப்ப கன வருசமா ஒண்டும் ஒதுங்கிறேல்லை. எங்கதான் போய்ச் சேருதோ.”

எங்கே என்று ஆக்னஸுக்குத் தெரியும். சமையலறைக்குப் பின்னால், நெல்லிமரத்தடியில், சாக்குக்குள். பொட்டுக்காரிகளை வரிசையாக உட்கார வைத்து, கையில் குச்சியோடு பாடம் நடத்தியிருக்கிறாள். சேட்டை செய்தவளை அடித்தும் இருக்கிறாள்.

கை தானாகப் பைக்குள் போனது.

சாவிக்கொத்தை எடுத்துச் செல்வராணியின் மடியில் வைத்தாள்.

செல்வராணி பார்த்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“இஞ்சேருங்கோ! எங்கட மிதப்பு! இஞ்ச பாருங்கோ, மாமியின்ர கையால போட்ட குறி, புள்ளி கொஞ்சம் சரிஞ்சிருக்கு!” கணவரிடம் தூக்கிக் காட்டினாள். சாவிகள் கிணுகிணுத்தன. “எங்க கண்டெடுத்தனீங்கள் தங்கச்சி? எங்களுக்குக் குடுக்க வேணுமெண்டோ இவ்வளவு தூரம் கொண்டு வந்தனீங்கள்?”

அருள்நேசன் மிதப்பைப் பார்க்கவில்லை. அதில் தொங்கிய சாவிகளைப் பார்த்தார். பிறகு ஆக்னஸைப் பார்த்தார்.

ஆக்னஸ் வாயைத் திறந்தாள்.

வலைமேல் கிடந்த போன் அடித்தது. அப்பா.

எடுத்தாள். அந்தக் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது.

“என்ன கேப்டன்! சத்தத்தையே காணோம்? கொள்ளைக்காரனைப் பார்த்தாச்சா இல்லையா?”

செல்வராணியின் கை அப்படியே நின்றது.

“பார்த்துட்டேன்ப்பா.”

“அடி சக்கை! ஆள் எப்படிம்மா இருக்கான்? ரெண்டு கண்ணும் இருக்கா, இல்லை ஒண்ணுதானா?”

அவர் சிரித்தார். ஆக்னஸ் தன் எதிரில் இருந்த இரண்டு பேரையும் பார்த்தாள். போனைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை. அவர்களுக்கும் கேட்கும்படி நடுவிலேயே பிடித்துக்கொண்டாள்.

“நம்ம ஜாடைதான்ப்பா.”