யாருதும் இல்லாத மலை

கடலுக்கு அந்தாண்ட போர்னியோன்னு ஒரு பெரிய தீவு, அந்தத் தீவுக்குள்ள ஒரு ஆறு, அந்த ஆத்துல தண்ணி ஓடுற திசைக்கு எதிரா படகைத் தள்ளிக்கிட்டுப் போனா, போயி, இன்னும் போயி, கடைசியா ஒரு ஊரு. அந்த ஊருல ஒரே ஒரு வீடு. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். ரயில் வண்டி மாதிரி நீளமா, மரக்கால் நட்டு உசரத்துல கட்டின வீடு. கூரை ஒண்ணு, குடும்பத்துக்கு ஒரு கதவு. ஒரு கதவுக்குள்ள குழந்தை அழுதா மத்தக் கதவு எதுவும் தூங்காது.

அந்த வீட்டுல உபோங்னு ஒருத்தி இருந்தா. புருஷன் இல்ல, ரெண்டு பொண்ணுங்க, நாக்கு மட்டும் பச்சை மொளகா.

அவங்க வெள்ளாமை நம்ம வெள்ளாமை மாதிரி இல்ல. இந்த வருஷம் ஒரு மலையில நெல்லு விதைச்சா, அறுத்துட்டு அதை அப்படியே விட்டுடுவாங்க. அடுத்த வருஷம் வேற மலை. விட்ட மலையில புல்லு வரும், அப்புறம் புதரு வரும், அப்புறம் மரம் வரும், மண்ணு மெதுவாத் தெம்பாயிடும். அதுக்குப் பேரு தூக்கம். தூங்குற மலையை 'என்னுது'ன்னு வாயால சொல்லக் கூடாது. சொன்னா, சொந்தக்காரன் கூப்பிடுறான்னு மலை பாதித் தூக்கத்துல முழிச்சுக்கும், அதுல விதைச்சா பதருதான் விளையும், வீடே பட்டினின்னு அவங்க நம்பிக்கை. அதனால யாரு கேட்டாலும் ஒரே பதில்: "யாருதும் இல்ல, தூங்குது." எந்த மலை யாருதுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்.

அந்த வருஷம் வெளைஞ்சதுல முக்காவாசி எலி தின்னுடுச்சு. வீட்டுக்கே மிச்சம் இருந்த நம்பிக்கை உபோங்கோட தாத்தா முதல் முதலா வெட்டித் திருத்தின கிழக்கு மலை. அடுத்த மழைக்கு அது தூக்கம் முடிஞ்சு எழணும். எழுந்தாத்தான் சோறு.

இப்ப வர்றான் பாருங்க துங்கல். ஆறு கடல்ல சேர்ற எடத்துல ஒரு பட்டணம், அங்க ஒரு ராஜா, அந்த ராஜாவோட பொண்டாட்டிக்கு அண்ணன் இவன். வேலை கிடையாது. பட்டணத்து ஆளுங்களைக் கூப்பிட்டு வச்சு, "மேல் ஆத்துல துறைமுகம் வரப்போவுது, சந்தை வரப்போவுது, இன்னைக்கு ஒரு மனை வாங்கிப் போட்டா உங்க பேரப்பிள்ளை ராஜா மாதிரி இருப்பான்"ன்னு பேசுறதே வேலை. மனை இருக்கா? இல்ல. ராஜாகிட்ட போயி, "மச்சான், மேல் ஆத்துல ஒரு மலை வேணும்"னான்.

ராஜா பெரிய யோக்கியர். "குடியானவன் நிலத்தைத் தொட மாட்டேன். யாருதும் இல்லாததா இருந்தா எடுத்துக்கோ"ன்னாரு. கூடவே சாட்சிக்குத் தன்னோட மணியக்காரரையும் அனுப்பினாரு.

துங்கலுக்கு வழக்கம் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? போன அறுவடைக்கு விருந்தாளியா வந்து, பாயில உட்கார்ந்து, எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போயிருந்தான். இந்த எடம் வந்தாலே எனக்கு வயிறு எரியும்.

வந்தான். அந்தக் கஷ்டத்துலயும் விருந்தாளின்னு சோறு போட்டாங்க. தின்னான். தின்னுட்டு முதல் கதவுல இருந்த தலைவர் லகாய்கிட்ட கேட்டான், "பெரியவரே, அந்தக் கிழக்கு மலை யாருது?"

"யாருதும் இல்லீங்க, தூங்குது."

"மலை தூங்குமா?"ன்னு மணியக்காரர் சிரிச்சாரு. நடுக் கதவுல வலை பின்னிக்கிட்டு இருந்தவன்கிட்ட போனாங்க. "அந்த மலை யாருது தம்பி?"

"யாருதும் இல்ல, தூங்குது."

அப்புறம் உபோங் கதவு. அவளுக்கு ஏதோ சரியில்லன்னு பட்டுடுச்சு.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான் தாயி."

"சோறு தின்னீங்க, கை கழுவினீங்க, கெளம்புங்களேன். மலை உங்களை என்ன பண்ணுச்சு?"

"உன்னுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

எல்லாக் கதவுலேருந்தும் தலை நீட்டிப் பார்க்குறாங்க. அவ 'என்னுது'ன்னா ஒரே வார்த்தையில மலை தப்பிச்சுடும். ஆனா பாதித் தூக்கத்துல எழுந்துடும், அடுத்த வருஷம் அந்தத் தலைங்க எல்லாம் பட்டினி கெடக்கும். பல்லைக் கடிச்சா. சொன்னா.

"யாருதும் இல்ல. தூங்குது."

"கேட்டீங்கல்ல மணியக்காரரே!"ன்னு தொடையைத் தட்டினான் துங்கல். மறுநாளே மலை முழுக்க மனை பிரிச்சுக் குச்சி நட்டாங்க.

லகாயும் உபோங்கும் படகெடுத்துப் பட்டணம் போனாங்க, ராஜா முன்னாடி நின்னாங்க.

"மலை யாருதும்மா?"ன்னாரு ராஜா.

"யாருதும் இல்ல. ஆனா அவருது இல்ல."

சபையே சிரிச்சுது. லகாய் வழக்கத்தை முழுசா எடுத்துச் சொன்னாரு. ராஜா கொட்டாவி விட்டுட்டு, "அவனவன் வாயால சொன்னது அவனவனுக்கு. நீங்கதான சொன்னீங்க? போங்க"ன்னாரு.

திரும்பி வர்ற வழியெல்லாம் லகாய் துடுப்பை ஓங்கி ஓங்கிப் போட்டாரு. உபோங்தான் பேசினா. "பெரியப்பா, நம்ம மலையைக் கேட்டுதே, நம்ம சோறு தின்ன வாயி அது."

துங்கல் மனை விக்க ஆரம்பிச்சான். படகு படகா ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து, முட்டிச் சேத்துல நிக்க வச்சு, "இது உங்க வாசல், ஆத்தைப் பார்த்த வாசல், காத்து பிச்சுக்கும்!" ஒருத்தரு அட்டையைக் கால்லேருந்து பிச்சுப் போட்டுக்கிட்டே, "துறைமுகம் எங்கப்பா?"ன்னாரு. "நீங்க நிக்கிறதுக்குப் பின்னாடிதான், வந்துக்கிட்டே இருக்கு"ன்னான். அவரும் திரும்பிப் பார்த்தாரு, பாவம்.

அப்புறம் மரத்தை வெட்டினான். அப்புறம் கொளுத்தினான். அப்புறம் வேரையும் விடாம நோண்டினான். வீட்டுக்காரங்க வாசல்ல நின்னு பார்த்தாங்க. தூங்குற குழந்தையை முடியைப் புடிச்சுத் தூக்கினா பெத்தவ எப்படி நிப்பா? அப்படி நின்னா உபோங்.

மழை வந்துது. ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி, மூணாவது ராத்திரி கிழக்கு மலை பாதி அவுந்து ஆத்துல விழுந்துது. அந்தச் சேறு ஆத்தோட போயி, வளைவுக்கு வளைவு தங்கி, கடைசியில பட்டணத்துத் துறையையே மூடிடுச்சு. அன்னைக்குப் பட்டணத்துல படகுத் திருவிழா. ராஜா பட்டுக்குடை புடிச்சுக்கிட்டுத் தங்கப் படகுல ஏறினாரு, படகு நகர்ந்துது, நகர்ந்துது, நின்னுடுச்சு. தள்ளினாங்க, சாஞ்சுது. ராஜா இடுப்பு வரைக்கும் சேத்துல.

தூக்கி வெளிய எடுத்தாங்க. கண்ணெல்லாம் சேறு. "எந்த மலைச் சேறு இது? அந்த மலைக்காரன் எவனோ, அவனை இந்தச் சேத்துலயே கழுத்து வரைக்கும் புதைக்கிறேன்!"ன்னாரு.

நெல்லு கடன் கேக்கப் பட்டணத்துக்கு வந்திருந்த உபோங்கும் லகாயும் அந்தக் கூட்டத்துலதான் நிக்கிறாங்க.

கிழக்கு மலைச் சேறுன்னு படகோட்டிங்க சொன்னாங்க. ராஜா மனை வாங்கினவங்களைக் கேட்டாரு, "மலை உங்களுதா?"

"ஐயோ, இல்லீங்க ராஜா! நாங்க சும்மா சுத்திப் பார்க்கப் போனோம்."

மணியக்காரரைக் கேட்டாரு. "நான் சாட்சிக்குப் போனவன், எனக்கு மலையெல்லாம் ஏது?"

துங்கலைக் கேட்டாரு. "மச்சான், மலை யாருது?"

துங்கல் சேத்தைப் பார்த்தான். "அது... யாருதும் இல்ல மச்சான்."

அப்பத்தான் உபோங் கூட்டத்தை இடிச்சுத் தள்ளிக்கிட்டு முன்னாடி வந்தா. லகாய் அவ கையைப் புடிச்சு இழுத்தாரு. "பைத்தியமா உனக்கு? புதைச்சுடுவாங்க!"

"விடுங்க பெரியப்பா. இனிமே எழுப்புறதுக்கு அதுல தூக்கமே மிச்சம் இல்ல." ராஜாவை நேராப் பார்த்துச் சொன்னா: "என்னுது. அந்த மலை என்னுது. எங்க தாத்தா திருத்தினது, எங்கம்மா விதைச்சது, என்னுது. புதைக்கணும்னா புதைங்க. ஆனா என்னுதுன்னு நான் சொன்னதை இத்தனை பேரும் கேட்டுக்கிட்டாங்க."



"அப்ப சேறு உன்னால வந்துதா?"ன்னாரு ராஜா.

"மரத்தை வெட்டினது யாருன்னு உங்க மணியக்காரரையே கேளுங்க."

மணியக்காரர் துங்கலைப் பார்த்தாரு. ஊரே துங்கலைப் பார்த்துது. அவன் பதறிப்போயி, "மச்சான், மலை என்னுதுதான், நீங்களே குடுத்தீங்களே, என் மலையில நான் வெட்டினேன்..."

"அப்ப உன்னைப் புதைக்கவா?"

"ஐயோ, என்னுது இல்ல!"

"யாருதும் இல்லன்னு ஒரு தரம், என்னுது இல்லன்னு ஒரு தரம் சொல்லிட்ட"ன்னாரு ராஜா. "அவனவன் வாயால சொன்னது அவனவனுக்கு. மலை அந்தப் பொம்பளையுது, சேறு அதை வெட்டினவனுது. இவனைப் புதைங்கடா."

"புதைக்காதீங்க"ன்னா உபோங். துங்கல் அவ கால்ல விழப் போனான். "எழுந்திரு. உன் மேல எரக்கப்பட்டுச் சொல்லல. புதைச்சா எங்களுக்குச் சோறு யாரு போடுவா? தூங்குற மலையை உசுப்பினவன், அது மறுபடி தூங்கி எழற வரைக்கும் அந்த வீட்டுக்கே சோறு போடணும். அதுவும் எங்க வழக்கம்தான். விருந்துக்கு வந்தப்ப அதைக் கேக்க மறந்துட்ட."

போட்டான். பட்டணத்து மாளிகையை வித்தான், படகை வித்தான், மூட்டை மூட்டையா அரிசியை அந்த ஆத்துல எதிர்ப்பக்கமாத் தள்ளிக்கிட்டு வந்தான். வந்து எறக்கினதும் உபோங் பொண்ணுங்க ரெண்டும் கேக்கும், "மாமா, துறைமுகம் வந்துடுச்சா?"

ராஜா நியாயம் சொன்னாருன்னு கை தட்டாதீங்க. அவரு இடுப்புக்குச் சேறு வராம இருந்திருந்தா, இவங்க கழுத்துக்கு வந்தது அவருக்குத் தெரிஞ்சே இருக்காது. அவுந்து விழுந்த பாதி மலையும் திரும்பி வரல. மிச்சப் பாதியில இப்பத்தான் புல்லு வந்திருக்கு, அப்புறம் புதரு வரணும், அப்புறம் மரம் வரணும். துங்கல் கெழவனாயிட்டான், இன்னும் மூட்டை சுமக்குறான். ஒருத்தன் வாயடக்கத்தை அவன் நிலத்தைப் புடுங்குற வழியா நினைக்கிறவன் சுமக்கத்தான் வேணும்.

கதை முடிஞ்சுது, கோவம் முடியல. படுங்க.