வண்டிக்குக் கட்டிய காப்பு

"இந்தக் கயிறு எதுக்கு டீச்சர்?"

கேட்டவர் கோமதிநாயகம். தூத்துக்குடியில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், ஐம்பதை நெருங்குகிறவர். கேட்கப்பட்டவள் பிளாவியா, இப்போதுதான் முப்பதைத் தாண்டியவள். ஜெட் ஸ்கீ என்னும் கடல் பைக் பந்தயத்துக்குப் பயிற்சி கொடுத்து, யார் கடலில் இறங்கலாம், யார் கரையில் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அவள் சரி என்றால்தான் கோமதிநாயகம் வண்டியை எடுக்க முடியும். அவரோ தெருமுனையில் தன் படம் போட்டு பேனர் வைத்துவிட்டார்.

அவள் அச்சடித்துக் கொடுத்த தாளில் ஒரு கயிற்றுப் படத்தைக் காட்டி, காலையிலிருந்து இதே கேள்விதான். ஒவ்வொரு முறையும் அவள் பதில் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவர் தலையாட்டினார். செவிடன் காதில் சங்கு ஊதியவனுக்காவது சத்தம் வந்த திருப்தி இருந்திருக்கும்.

"ஒரு முனை உங்க மணிக்கட்டுல, இன்னொரு முனை வண்டி சுவிட்சுல. நீங்க விழுந்தா கயிறு உருவிக்கிட்டு வரும். இஞ்சின் நின்னுரும்."

"நான் விழ மாட்டேனே."

பிளாவியா கண்ணை மூடித் திறந்தாள்.

"சரி, இந்த மிதக்கிற சட்டையில விசில் எதுக்கு? நான் என்ன பஸ் கண்டக்டரா?"

"தண்ணியில கிடந்து கத்துனா இஞ்சின் சத்தத்துல யாருக்கும் கேக்காது அண்ணாச்சி. விசில் கேக்கும்."

"அந்தச் சிவப்புக் கொடி?"

"தண்ணிக்குள்ள ஆள் கிடக்குன்னு அர்த்தம். அது நின்னா ஒருத்தரும் வண்டிய எடுக்கக் கூடாது."

"நான் ஏதோ கட்சிக் கொடின்னுல்லா நெனச்சேன்."

தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். பக்கத்தில் நின்ற துரைசிங்கமும் சிரித்தார். துரைசிங்கம் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. இரண்டு பேரும் சேர்ந்து போய்த்தான் ஆளுக்கொரு வண்டி வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே சுற்றில் ஒருவரை ஒருவர் முந்தப் போகிறார்கள். வீட்டில் கறிக்குழம்பு பரிமாறும்போதும் அவர்களுக்கு அதே போட்டிதான்.

"இவ்வளவு விதி வேணுமா டீச்சர்? விழுந்தா நான்தான சாவேன்?"

"அப்படின்னு யார் சொன்னா?"

"எல்லாம் விதி. விதி முடிஞ்சா கட்டில்ல படுத்திருந்தாலும் போகும்."

"நானும் விதியைத்தான் சொல்லுதேன். உங்க விதி நெத்தியில எழுதியிருக்கு. என் விதிய அச்சடிச்சே குடுத்திருக்கேன், நீங்க படிக்கல."

அவர் தலையாட்டினார்.

இனிப் பேசிப் பயனில்லை என்று அவள் வண்டியைப் பார்க்கப் போனாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கைப்பிடியில் எலுமிச்சம்பழம். அதன் மேல் வாடிய மாலை. அதற்கும் மேல், மஞ்சளும் குங்குமமும் அப்பிய சிவப்புக் கயிறு. மணிக்கட்டில் இருக்க வேண்டிய முனையைக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கி முடிந்திருந்தார்கள்; ஆள் விழுந்தாலும் இனி அது உருவாது.

"இது என்ன அண்ணாச்சி?"

"காப்பு. புது வண்டில்லா, அம்மன் கோயில்ல பூசை போட்டோம். பூசாரி மஞ்சக் கயிறு கொண்டாற மறந்துட்டாரு. வண்டியிலயே சும்மா ஒரு கயிறு தொங்கிச்சு. அதையே கட்டிட்டாரு. மூணு முடிச்சு."

"இத அவுத்து உங்க கையில மாட்டுங்க."

"காப்புக் கட்டினத இடையில அவுக்கலாமா? தெய்வக் குத்தம்."

பிளாவியாவுக்குத் தலையைக் கொண்டுபோய் எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கடற்கரையில் அதற்கும் ஒரு சுவர் இல்லை.

"தண்ணியில இறங்குங்க."

"எதுக்கு?"

"அதோ அந்த மஞ்சள் மிதவைகிட்ட போய் மிதங்க. நான் உங்க வண்டிய எடுத்துட்டு வாறேன்."

சோதனை முடியப் போகிறது என்ற சந்தோஷத்தில் அவர் நீந்திப் போனார். பிளாவியா சிவப்புக் கொடியைத் தானே மணலில் ஊன்றினாள்.

"இந்தக் கொடி நிக்கிற வரைக்கும் உங்க வண்டியத் தொடாதீங்க" என்றாள் துரைசிங்கத்திடம்.

அவரும் தலையாட்டினார். அந்தக் குடும்பத்தின் தலையாட்டலை அவள் அப்போது யோசித்துப் பார்த்திருக்கலாம். எரிச்சலில் இருந்தாள்.

மிதவைக்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை. முகப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"அண்ணாச்சி, நான் இப்ப குதிக்கப் போறேன்."

"குதிங்களேன்."

"இஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே."

கோமதிநாயகம் வண்டியைப் பார்த்தார். கரையில் நின்று பார்த்தபோது இடுப்பளவுக்குத்தான் இருந்தது. தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் லாரி மாதிரி இருந்தது.

"வண்டி... எங்க போகும் டீச்சர்?"

"அது விதி விட்ட வழி."

அவள் எழுந்து நின்றாள். இஞ்சின் உறுமியது.

"இருங்க, இருங்க."

"ஏன் அண்ணாச்சி? நான் விழுந்தா நான்தான சாவேன்?"

"நீங்க எங்க சாவீங்க? வண்டி என் மேலல்லா வரும்!"

பிளாவியா ஒரு காலைத் தூக்கி ஓரத்தில் வைத்தாள்.

"டீச்சர், கயிறு. கயித்த அவுத்து உங்க கையில மாட்டுங்க."

"காப்ப இடையில அவுக்கலாமா?"

"அம்மன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். முதல்ல அவுங்க."

மூன்று முடிச்சும் நனைந்து இறுகியிருந்தன. பூசாரி உண்மையிலேயே நல்ல பூசாரிதான். அவள் நகம் நோக அவிழ்த்து, மணிக்கட்டில் மாட்டினாள். பிறகு வண்டியைக் கொஞ்சம் விரட்டி, குதித்தாள்.

கயிறு உருவிக்கொண்டு வந்தது. இஞ்சின் நின்றது. வண்டி சிறிது தூரம் வழுக்கி, எலுமிச்சம்பழத்தோடு பேசாமல் மிதந்தது.

கோமதிநாயகமும் பேசவில்லை. அன்று முழுவதும் அவர் பேசாமல் இருந்தது அப்போதுதான். பிளாவியாவுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

இரண்டு தலைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே.

"புரிஞ்சுதா அண்ணாச்சி?"

அவர் தலையாட்டவில்லை. கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே இன்னொரு இஞ்சின் சத்தம் கேட்டது. சிவப்புக் கொடியைச் சுற்றிக்கொண்டு ஒரு வண்டி கடலில் இறங்கியது. அக்காள் புருஷன் மட்டும் பயிற்சி எடுத்தால் பொறுக்குமா? துரைசிங்கம் அலைக்கு அலை துள்ளித் துள்ளி வந்தார். ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தி ஆட்டினார்.

"உங்க மச்சினனுக்கு நல்லா ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள் பிளாவியா. அவள் குரல் மாறியிருந்தது.

"ரெண்டு தடவ விழுந்துட்டான்."

"கயிறு?"

கோமதிநாயகத்தின் உதடு காய்ந்து போயிருந்தது, அத்தனை தண்ணீருக்கு நடுவில்.

"ஒரே நாள்லதான் பூசை போட்டோம் டீச்சர். ஒரே பூசாரி."

சொல்லிவிட்டு அவர் நெஞ்சுப் பக்கம் தடவித் தடவித் தேடினார். விசில் கையில் அகப்பட்டதும், கன்னம் உப்ப ஊதத் தொடங்கினார்.