தலை தூக்கிக் குடித்த கல்கௌதாரி

மலையடிவாரத்தில் ஓர் ஆறு இருந்தது. ஆறு என்று பெயர்தான். கோடை வந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் மணல். அந்த மணலில் ஒரு நரி காலால் பறித்துப் பறித்து ஊற்று ஒன்று தோண்டியது. உண்மையாகவே தோண்டியது. நகம் தேய்ந்தது. மூக்கில் மண் ஏறியது. தும்மித் தும்மிக் கண் சிவந்தது. கடைசியில் தண்ணீர் கசிந்தது.

செய்தி கேட்டுக் காடே ஓடி வந்தது. மிருகங்களும் பறவைகளும் வயிறு முட்டக் குடித்தன. குடித்ததும், தூக்க முடிந்தவை எல்லாம் வழக்கம்போலத் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்து, "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றன. எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அந்தக் காட்டில் அப்படித்தான்.

நரிக்கு வந்தது கோபம்.

அது பக்கத்தில் இருந்த பாறைமேல் ஏறியது. தொண்டையைச் செருமியது. மைக் முன்னால் நிற்கும் தலைவரைப் போல முன்னங்கால் ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"அன்பார்ந்த காட்டு மக்களே, எனக்கு ஒரு சின்ன சந்தேகம். இந்த ஊத்தைத் தோண்டினது யாரு?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"நகம் தேஞ்சது யாருக்கு?"

"உங்களுக்குத்தான் அண்ணாச்சி."

"அப்போ ஸ்தோத்திரம் மட்டும் ஏன் மேல போகுது?"

பாறைக்குக் கீழே நின்ற மைனா மட்டும், "மேல போகுது, மேல போகுது" என்றது. மைனாவுக்கு அதுதான் வேலை. நரி எதைப் பேசினாலும் அதன் கடைசிச் சொற்களைப் பிடித்துத் திரும்பத் திரும்பச் சொல்லும்.

"இன்னைலேருந்து இங்க ஒரு சட்டம்" என்றது நரி. "குடிக்கிறவங்க யாரும் தலையைத் தூக்கக் கூடாது. குனிஞ்சே குடிக்கணும். குடிச்சு முடிச்சதும், எல்லாம் அண்ணாச்சி தயவுன்னு சொல்லணும். தலையைத் தூக்கினா அந்தத் தலை எனக்கு."

"தலை எனக்கு, தலை எனக்கு" என்றது மைனா.

காட்டுப்பன்றிக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. "ம்க்கும்... நம்ம தலை என்னைக்கு மேல போயிருக்கு?" என்று மூக்கால் பேசிவிட்டுக் குடிக்கப் போய்விட்டது. (பன்றி பேசும் இடங்களை மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசிக்கவும்.) புறாவுக்கும் கஷ்டமில்லை. அது குனிந்தபடியே உறிஞ்சிக் குடிக்கும் பறவை. பாவம், மைனாதான் மாட்டிக்கொண்டது. தலையைத் தூக்கினால்தான் அதன் தொண்டையில் தண்ணீர் இறங்கும். குனிந்தே குடித்துப் பார்த்தது. மூக்கு வழியாக வந்துவிட்டது.

"எல்லாம் அண்ணா... ஹச்... சி... ஹச்... தயவு!"

இரண்டு நாளில் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். ஊற்றைச் சுற்றி முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன.

பழகாதது ஒரே ஒரு பறவை. அது கல்கௌதாரி. மணலின் நிறம் அதற்கு. தரையில் உட்கார்ந்தால் கல் எது, பறவை எது என்று சொல்ல முடியாது. ஆற்றைவிட்டுத் தள்ளி, மேட்டுப் பொட்டலில் அதன் குஞ்சுகள் இருந்தன. இன்னும் பறக்கத் தெரியாத மூன்று குஞ்சுகள். அவை தண்ணீருக்கு எங்கே போகும்? அப்பாதான் ஊற்றுக்கு வரவேண்டும். முதலில் தான் குடிக்கும். பிறகு தண்ணீரில் இறங்கி உட்கார்ந்து வயிற்று இறகுகளை நன்றாக நனைத்துக்கொள்ளும். அந்த இறகுகள் பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே பறந்து போய்க் குஞ்சுகளின் முன்னால் நிற்கும். குஞ்சுகள் அப்பாவின் வயிற்றைச் சப்பிச் சப்பித் தாகம் தீர்த்துக்கொள்ளும்.

அன்றைக்கும் அது வந்தது. குடித்தது. தலையைத் தூக்கியது. "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றது. மெதுவாகவும் சொல்லவில்லை.

நரி பாறையிலிருந்து இறங்கியது. "ஏய், சட்டம் காதுல விழலையா?"

"விழுந்துது அண்ணாச்சி. அதுவும் மைனா புண்ணியத்துல நாலு வாட்டி விழுந்துது."

"அப்புறம் என்ன திமிரு?"

"திமிரு இல்ல. நீங்க தோண்டினீங்க, அதுக்கு உங்களுக்கு நன்றி. மனசாரச் சொல்லுதேன். ஆனா மணலுக்கு அடியில தண்ணியை வச்சது யாரு? நீங்களா குடத்துல கொண்டாந்து ஊத்தினீங்க?"

பன்றி சிரித்துவிட்டது. உடனே அதை இருமல் போல மாற்றிக்கொண்டது.

"தோண்டுறதுக்கு நகத்தைக் கொடுத்தது யாரு?" கல்கௌதாரி விடவில்லை. "அவருக்குச் சொல்லவேண்டியதை உங்களுக்குச் சொன்னா உங்களுக்கே செரிக்காது அண்ணாச்சி."

நரி பாய்ந்தது. கல்கௌதாரி பறந்தது. வயிறு பாதிதான் நனைந்திருந்தது. அன்று குஞ்சுகளுக்குப் பாதித் தாகம்தான் தீர்ந்தது.

மறுநாள் ஊற்றின் ஓரத்தில் கால் வைக்கவே நரி விடவில்லை. கல்கௌதாரி காய்ந்த வயிற்றோடு திரும்பியது. குஞ்சுகள் ஓடி வந்து வயிற்றைச் சப்பிப் பார்த்தன. மண் வாசனைதான் வந்தது.

அப்பா என்ன செய்யும்? ஒரு காலைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "அன்பார்ந்த குஞ்சு மக்களே, எனக்கு ஒரு சின்ன சந்தேகம்" என்று நரியைப் போலவே பேசிக் காட்டியது. பெரிய குஞ்சுகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. சின்னக் குஞ்சு சிரிக்கவில்லை. அதற்குத் தெம்பில்லை.

"ஏங்க, சின்னது வாயைப் பிளந்தபடியே கிடக்குது" என்றது அம்மா.

அந்த நேரம் பார்த்துப் புறா வந்தது. புறாவின் குரலைக் கேட்டிருப்பீர்கள். எண்ணெய் தடவியது போல வழுவழு என்றிருக்கும்.

"அண்ணே, வீம்பு எதுக்கு? குனிஞ்சு குடிங்க. நரி பேரை வாயால சொல்லுங்க. ஸ்தோத்திரத்தை மனசுக்குள்ள சொல்லிக்கிடுங்க. ஆண்டவர் மனசைப் பாக்கிறவருதானே? எங்க வம்சம் நோவாவோட பேழையில வந்த வம்சம். எனக்குத் தெரியாத பக்தியா?"

கல்கௌதாரி கேட்டது: "அக்கா, மனசுக்குள்ள சொல்லக் கூடாதுன்னு நரி ஏன் சட்டம் போடலை?"

"ஏன்?"

"மனசுக்குள்ள சொன்னா அதுக்கு வலிக்காது. நான் வாய் நிறைய வாங்கிக் குடிச்சிருக்கேன். வாய் நிறையத்தான் சொல்லுவேன்."

"உங்க குஞ்சு செத்துப்போகுமே அண்ணே."

கல்கௌதாரி சின்னக் குஞ்சின்மேல் சிறகை விரித்து நிழல் கொடுத்தது. புறா போனபிறகு அது பொட்டலின் நடுவில் போய் நின்றது. தலையைத் தூக்கியது.

"ஆண்டவரே, நரிகிட்ட கெஞ்ச மாட்டேன். உம்மகிட்ட கெஞ்சுதேன். குஞ்சுக்குத் தண்ணி வேணும். என்ன வழின்னு உமக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது அந்த ஊத்து ஒண்ணுதான். அதனால காலையில அங்கதான் போவேன். நீர் பாத்துக்கிடும்."

காலையில் போனது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஊற்றைச் சுற்றி வழக்கம்போல முதுகுகள். மான் முதுகு, முயல் முதுகு, பன்றி முதுகு. கல்கௌதாரி எல்லாவற்றையும் தாண்டி ஊற்றின் நட்டநடுவில் இறங்கி உட்கார்ந்தது. வயிறு நனைய ஆரம்பித்தது.

நரி பாயவில்லை. அதற்கு வேறொரு யோசனை வந்திருந்தது.

"வா தம்பி. நல்லா நனைச்சுக்கோ. குஞ்சு எப்படி இருக்குது? சின்னது கண்ணைத் திறக்கலையாமே? புறா சொல்லிச்சு. இப்ப எல்லார் முன்னாலயும் குனிஞ்சு குடி. ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லு. முழு வயித்தோட போகலாம்."

"போகலாம், போகலாம்" என்றது மைனா.

கல்கௌதாரி குனிந்தது. அலகு நிறையத் தண்ணீர் எடுத்தது. நரியின் வாய் காது வரைக்கும் விரிந்தது.

கல்கௌதாரி தலையைத் தூக்கியது.

"ஆண்டவரே, ஸ்தோத்..."

பாதியில் நின்றுவிட்டது. மேற்கே மலையைக் காணோம். மலை இருந்த இடத்தில் கரேல் என்று ஓர் இருட்டு. அதற்குள் மின்னல் வெட்டி வெட்டி மறைந்தது. இங்கே ஒரு தூறல்கூட இல்லை. ஆனால் மலையில் கொட்டினால் மணலாற்றில் மழைக்கு முன்னால் வெள்ளம் வந்துவிடும். இத்தனை பேர் அங்கே நின்றும் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் கீழே அல்லவா இருந்தது?

கல்கௌதாரியின் வயிறு முழுக்க நனைந்துவிட்டது. அப்படியே எழும்பினால் நேராகக் குஞ்சுகளிடம் போய்விடலாம். அது பொட்டல் பக்கம் ஒரு தடவை பார்த்தது. பிறகு முதுகுகளுக்கு மேலே தாழப் பறந்தது.

"வெள்ளம் வருது! தலையைத் தூக்குங்க, மேற்கே பாருங்க!"

"யாரும் தூக்காதீங்க" என்று நரி கத்தியது. "ஊத்தைப் பிடுங்கப் பாக்கான். தூக்கின தலை எனக்கு."

முயல் தூக்கப் பார்த்தது. நரியின் பல்லைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது. கல்கௌதாரி சுற்றிச் சுற்றிப் பறந்தது. ஒவ்வொரு காதிலும் போய்க் கத்தியது. அனல் காற்று அடித்தது. அதன் வயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தது. அதற்கும் அது தெரிந்தது. ஆனாலும் பறந்தது. கடைசியில் பன்றியின் காதுமேல் போய் உட்கார்ந்தது.

"பன்றி அண்ணே, நீயாவது தூக்கேன்."

"ம்க்... என் கழுத்து அதுக்கு வளையாது தம்பி."

"அப்போ மணல்ல காதை வை. அதுக்குச் சட்டம் இல்லையே."

பன்றி காதை வைத்தது. அதன் குட்டிக் கண்கள் பெரிதாயின. "ம்க்... கீழ என்னமோ உறுமுது. நான் இல்ல. வேற என்னமோ."

அவ்வளவுதான். மான் தலையைத் தூக்கியது. முயல் தூக்கியது. புறா தூக்கியது. மைனாவும் தூக்கியது, அன்றுதான் அது சொந்தமாக ஒரு வார்த்தை பேசியது: "ஐயோ."

எல்லாரும் கரையேறினார்கள். நரி மட்டும் அசையவில்லை.

"ஏறி வாங்க அண்ணாச்சி!" என்று கல்கௌதாரி கூப்பிட்டது.

"நான் போயிட்டா ஊத்து யாருக்கு?" என்றது நரி.

செம்மண் நிறத்தில், நுரையும் மரக்கட்டையும் முட்செடியுமாக வெள்ளம் வந்தது. ஊற்று எங்கே, பாறை எங்கே, ஒன்றும் தெரியவில்லை. நரி ஒரு குட்டிக்கரணம் அடித்தது. பிறகு இன்னொன்று. வளைவில் ஒரு மரக்கட்டை அதைக் கரையில் தள்ளிவிட்டுப் போனது. நரி குடித்த தண்ணீரையெல்லாம் கக்கியது. மூச்சு வந்ததும் எழுந்து நின்று, "பாத்தீங்களா? நான் தோண்டின ஊத்துதான் இப்படிப் பொங்கியிருக்கு" என்றது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு வேறு அவசரம்.

"கல்கௌதாரி அண்ணே," என்று வழுவழு குரலில் ஆரம்பித்தது புறா, "இனிமே எங்களுக்கு எல்லாமே நீங்கதான். நீங்க இல்லைன்னா நாங்க இல்லை."

"ம்க்... உங்க பேரைச் சொல்லித்தான் இனிமே குடிப்போம்" என்றது பன்றி.

"உயரமா ஒரு கல்லு பாத்து வைக்கட்டுமா? நீங்க உக்காருறதுக்கு?" என்றது முயல்.

கல்கௌதாரி கரையோரத் தண்ணீரில் உட்கார்ந்து அவசர அவசரமாக வயிற்றை நனைத்துக்கொண்டிருந்தது. இதைக் கேட்டதும் அதற்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"ஒரு நரிகிட்ட பட்டது போதாதா உங்களுக்கு? அடுத்த நரியா என்னை ஆக்கப் பாக்கீங்களா? நான் வெள்ளத்தைப் பாத்தேன், அவ்வளவுதான். அனுப்பினது நானா? உங்களைக் கூப்பிட்டு முடிக்கையில என் வயிறு காஞ்சு கருவாடாப் போச்சு. குஞ்சுக்குக் கொடுக்க ஒரு சொட்டு இல்லாம இந்தக் கரையில நின்னேன். இப்ப ஆறு நிறைய ஓடுது. இதை யாரு கொடுத்ததுன்னு இன்னுமா உங்களுக்குப் புரியலை? எனக்கு நன்றி சொல்லணும்னா சொல்லுங்க, சந்தோஷம். கல்லெல்லாம் வேண்டாம். அந்த நரிக்குக் குளிருது பாருங்க, யாராவது பக்கத்துல போய்ப் படுங்க. எனக்கு வழி விடுங்க."

சொட்டச் சொட்டப் பறந்து போனது.

பொட்டலில் சின்னக் குஞ்சு கண்ணை மூடிக் கிடந்தது. அப்பா அதன் அலகின்மேல் வயிற்றை வைத்து நின்றது. ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அலகு அசைந்தது. பிறகு சப்பியது. சப்பிச் சப்பி வயிற்றுத் தண்ணீர் முழுவதையும் காலி செய்துவிட்டு, "இன்னும்" என்று அப்பாவின் காலைக் கொத்தியது.

நன்மை யார் கையால் வந்தாலும் அவருக்கு மனதார நன்றி சொல்லுங்கள். ஆனால் அதைக் கொடுத்தவர் ஆண்டவர் என்று தலை நிமிர்ந்து சொல்வதை, எந்த நரி பல்லைக் காட்டினாலும் விட்டுவிடாதீர்கள்.