மைனாவின் பாட்டும் மந்தியின் கையும்

மடுக்கரைக் காட்டில் பேச்சிமுத்து என்றொரு மைனா இருந்தான். அவனுக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. ஆனால் அவன் வாயைத் திறந்தால் ஆட்டத்தின் போக்கே மாறும் என்று மடுக்கரையில் எல்லோரும் நம்பினார்கள். அவனும் நம்பினான்.

ஒவ்வொரு கோடையிலும் மடு வற்றியதும் அதன் தரை ஆட்டக்களமாகிவிடும். மடுக்கரை விலங்குகள் ஓர் அணி. மலையில் வாழும் மேல்சரிவு விலங்குகள் இன்னோர் அணி. அணிக்கு ஏழு பேர். இரண்டு புற்றுகளுக்கு நடுவே பந்து போனால் கோல். வென்ற அணிக்குக் கடமான் உதிர்த்த கொம்பு ஒன்று பரிசு. அடுத்த கோடை வரை அது வென்றவர்கள் காட்டில் இருக்கும். ஆட்டம் சமமாக முடிந்தால், ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடமே தங்கிவிடும்.

ஐந்து கோடைகளாக அந்தக் கொம்பு மேல்சரிவில்தான் இருந்தது. அதனால் இந்த முறை மடுக்கரை அணியைவிட அதன் ரசிகர்களுக்குத்தான் வெறி அதிகம். கிளிகள், அணில்கள், காட்டுக்கோழிகள், நரிகள், முள்ளம்பன்றிகள் என்று கரை முழுக்கக் கூட்டம். பேச்சிமுத்து கருவேல மரத்தின் நுனிக்கிளையில் உட்கார்ந்து ஒரு வரியை எடுத்துக் கொடுப்பான். முந்நூறு தொண்டைகள் அதைத் திருப்பிச் சொல்லும்.

மேல்சரிவுக்குக் கோல் காத்தவள் சடைச்சி என்ற மந்தி. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சாதாரணமாக உருண்டு வந்த பந்து ஒன்றை அவள் நழுவவிட்டாள். தாவி மறுபடி பிடித்துக்கொண்டாள். பேச்சிமுத்து விடுவானா?

"ஓட்டைக் கை, ஓட்டைக் கை, ஒழுகுது பார் ஓட்டைக் கை!"

கரை சிரித்துச் சிரித்துப் பாடியது. அடுத்த பந்து நெஞ்சுயரத்தில் சீறி வந்தது. சடைச்சி அதை ஒற்றைக் கையால் பிடித்தாள். கரையைப் பார்த்துத் திரும்பி, பந்தைப் பிடித்த கையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். பந்து விழவில்லை. கரையில் மறுபடியும் சிரிப்பு. இந்த முறை பேச்சிமுத்துவும் சேர்ந்து சிரித்தான்.

முதல் பாதி முடியப் போகிறது. யாரும் கோல் அடிக்கவில்லை. அப்போது மடுக்கரையின் கேப்டன் கடுகன் பந்தோடு பாய்ந்தான். கடுகன் ஒரு சருகுமான். முயல் அளவுதான் இருப்பான். ஆனால் காட்டிலேயே அவ்வளவு வேகமான கால்கள் யாருக்கும் கிடையாது. கோலுக்கு எதிரே மேல்சரிவுக் கரடி அவனை இடித்துத் தள்ளியது. நடுவர் செங்கால் நாரை அலகைப் படபடவென்று தட்டினார். பெனால்டி.

கரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஊளையன் என்ற நரி கருவேல மரத்தடிக்கு வந்தான்.

"அந்த மந்தியோட வலது கையைப் பார்த்தியா? வெந்து சுருங்கிக் கிடக்கு" என்றான்.

"பார்க்கலையே."

"போன வருஷம் மலையில தீப்பிடிச்சதுல்ல? தம்பி கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடியிருக்கா. பாதி வழியில பிடி நழுவிடுச்சு. தம்பி தீயோட போயிட்டான்."

"அதை எதுக்கு இப்பச் சொல்ற?"

"இப்ப ஞாபகப்படுத்தினா அவ கை நடுங்கும். நடுங்கினா கோல். கோல் விழுந்தா கொம்பு நம்மளுது."

பேச்சிமுத்துவுக்கு ஒரு கணம் என்னவோ போலிருந்தது. ஆனால் ஐந்து கோடைத் தோல்வி கண்முன் வந்தது. அதற்குள் சொற்கள் அவன் அலகில் தாமாகவே வரிசை கட்டிவிட்டன. நாக்கில் வந்த பாட்டை விழுங்க அவனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

"தம்பியை விட்ட கை, பந்தையா பிடிக்கும்?"

கரையில் பாதிப் பேருக்கு அதன் பொருள் தெரியாது. பேச்சிமுத்து எடுத்துக் கொடுத்தான், அவர்கள் பாடினார்கள். முந்நூறு தொண்டைகளிலிருந்து அந்த வரி புழுதியோடு எழுந்து களத்தில் விழுந்தது.

கடுகன் ஓடி வந்து பந்தை உதைத்தான். கால் சறுக்கி, உதை சரியாகப் படவில்லை. பந்து மெதுவாகத்தான் உருண்டது. குட்டி அணில்கூட அதைப் பிடித்திருக்கும். சடைச்சி பந்தைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பந்து அவள் காலருகே ஊர்ந்து புற்றுகளுக்கு நடுவே போய் நின்றது.

கரை துள்ளியது. கிளிகள் ஒன்றாக எழும்பிப் பறந்தன. கடுகன் மட்டும் துள்ளவில்லை. அவன் சடைச்சியின் முகத்தைப் பார்த்தான். பிறகு நேராக நடுவரிடம் போனான்.

"ஐயா, இந்தக் கோல் எங்களுக்கு வேண்டாம்."

நாரை கழுத்தைச் சாய்த்து யோசித்தார். "கையில் பட்டால் விதி இருக்கிறது, காலைத் தட்டினால் விதி இருக்கிறது. காதில் விழுந்ததற்கு விதி இல்லையே, தம்பி. கோல் கோல்தான்" என்று சொல்லி, முதல் பாதி முடிந்ததாக அலகைத் தட்டினார்.

கடுகன் கருவேல மரத்தடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தான்.

"கீழே இறங்கு, பேச்சிமுத்து."

பேச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினான். பாராட்டப் போகிறான் என்று நினைத்தான்.

"அந்தக் கோலை யார் அடிச்சது?" என்று கேட்டான் கடுகன்.

"நீதான். நானும் கொஞ்சம் உதவி பண்ணினேன்."

"நான் அடிக்கல. நான் உதைச்சது வெறும் உருட்டு. எனக்கே வெட்கமா இருந்துச்சு. அஞ்சு வருஷமா விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடிப் பழகியிருக்கேன். என் காலால ஜெயிக்கணும்னு. நீ அதைப் பிடுங்கி, செத்துப்போன ஒரு குட்டியை வெச்சு அடிச்சிட்ட."

"எதிராளியைக் கலைக்கத்தானே பாட்டு? ஓட்டைக் கைன்னு பாடினப்ப நீயும் சிரிச்சியே."

"சிரிச்சேன். அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. என்ன வித்தியாசம்னு எனக்குச் சொல்லத் தெரியல. அவகிட்டயே போய்க் கேளு."

பேச்சிமுத்துவுக்குப் போக மனமில்லை. ஆனால் மடுக்கரையில் கடுகனைவிட அவன் மதித்தவர்கள் யாரும் இல்லை. களத்தைக் கடந்து மேல்சரிவு அணி உட்கார்ந்திருந்த நாவல் மர நிழலுக்குப் பறந்தான். கரடி உறுமிக்கொண்டு எழுந்தது. சடைச்சி கையமர்த்தினாள்.

"என்ன வேணும்?"

"அக்கா, அந்தப் பாட்டை எடுத்துக் கொடுத்தது நான்தான்."

"தெரியும். உன் குரல் எல்லாருக்கும் தெரியும்."

"தப்புன்னு கேப்டன் சொல்றான். மன்னிச்சிருங்க."

"என் தம்பி பேர் என்ன?" என்று கேட்டாள் சடைச்சி.

பேச்சிமுத்து விழித்தான்.

"சுருளி. நீ முந்நூறு பேரை வெச்சுப் பாடினியே, அவனுக்கு ஒரு பேர் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்காமலே மன்னிப்புக் கேட்க வந்துட்ட."

மைனா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.  சடைச்சியின் குரல் இறங்கியது.

"இங்க பாரு. என் கை ஓட்டைன்னு பாடு, எனக்குக் கவலையில்லை. அடுத்த பந்தைப் பிடிச்சு உன் பாட்டைப் பொய்யாக்கிடுவேன். அதுதான் நமக்குள்ள நடக்கிற விளையாட்டு. ஆனா என் தம்பியைச் சொன்னா, நான் எந்தப் பந்தைப் பிடிச்சு அதைப் பொய்யாக்குறது?"

   பேச்சிமுத்து மெல்லத் திரும்பிப் பறந்தான்.

கரைக்கு வந்ததும் எல்லோரையும் அழைத்தான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். சுருளியின் பெயரையும் சொன்னான். பொருள் தெரியாமல் பாடிய காட்டுக்கோழிகள் தங்கள் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டன. "இதையா எங்களைப் பாட வெச்ச?" என்றது ஒரு கோழி. அந்தக் கேள்வி அவனைக் கொத்தியது.

"ஆமா, நான்தான் பாட வெச்சேன். இனி நம்ம கரைக்கு ஒரு கோடு போட்டுக்குவோம். எதிராளி நல்லா ஆடினா பொய்யாகிப் போற மாதிரி இருந்தா, பாடலாம். எவ்வளவு நல்லா ஆடினாலும் அவங்களால மாத்த முடியாத ஒண்ணைப் பாடக் கூடாது."

ஊளையன் இளித்தான். "அப்ப எதைத்தான் பாடுறது? கைகட்டி உட்கார்ந்திருக்க நாம என்ன பூசைக்கா வந்திருக்கோம்?"

"கேட்டுப் பாரு, சொல்றேன்."

"கரடி உருண்டு உருண்டு ஓடுதே, அதைப் பாடலாமா?"

"வேகமா ஓடிக் காட்டினா பாட்டு பொய்யாகிடும். பாடலாம்."

"எதிர் அணியில இருக்கிற எருமையோட கறுப்பு?"

"கூடாது. அது எத்தனை கோல் அடிச்சாலும் வெளுக்காது. வெளுக்கணும்னு அதுக்கு ஆசையும் இல்லை."

"நடுவருக்குக் கண் தெரியலைன்னு பாடலாமா?" என்று ஒரு கிளி கேட்டது.

"தாராளமா. அவர் நல்லாப் பார்த்தாப் போதுமே."

கரை சிரித்தது. ஆனால் முள்ளம்பன்றி ஒன்று சந்தேகத்தோடு கேட்டது: "நொண்டிக்கிட்டு ஆடுறவனை என்ன பண்றது? இன்னைக்குச் சுளுக்கினவனும் இருக்கான், பிறந்ததிலிருந்தே நொண்டுறவனும் இருக்கான்."

பேச்சிமுத்து யோசித்தான். "எதுன்னு தெரியலைன்னா வாயை மூடிக்குவோம். ஒரு பாட்டு குறைஞ்சா நம்ம குரல் வத்திடாது."

இரண்டாம் பாதி தொடங்கியது. மேல்சரிவு அணி கோபத்தோடு ஆடியது. அவர்களின் மலையணில் வாலைச் சுழற்றி எகிறி, தலையால் ஒரு கோல் அடித்தது. ஒன்றுக்கு ஒன்று. சமமாக முடிந்தால் கொம்பு ஆறாவது கோடையும் மலைக்குத்தான் போகும். மடுக்கரைக்கு இன்னொரு கோல் வேண்டும். நேரம் குறைந்துகொண்டே வந்தது.

அப்போது கரையின் கிழக்கு மூலையிலிருந்து நரிகள் தொடங்கின. "தம்பியை விட்ட கை..."

பேச்சிமுத்து அவர்களை நோக்கிக் கத்தவில்லை. இரண்டு சிறகுகளையும் விரித்துக் கரைக்குக் காட்டினான். வேறு பாட்டுப் பாடிக்கொண்டிருந்த மற்ற எல்லாத் தொண்டைகளும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதியில் நான்கு நரிகளின் குரல் மட்டும் மெலிந்து, கேட்கவே கூசும்படி ஒலித்தது. காட்டுக்கோழி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து நகர்ந்தது. அணில்கள் நகர்ந்தன. முள்ளம்பன்றிகள் நகர்ந்தன. நரிகளைச் சுற்றி வெறும் புழுதித்தரைதான் மிஞ்சியது.

ஊளையன் இடமும் வலமும் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை. மீதி வரியை அவனால் பாட முடியவில்லை. வாலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

களத்தில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சடைச்சியும் பார்த்தாள். பந்தோடு நின்ற கடுகன் நிமிர்ந்தான். அவன் பாய்ந்தான். எருமையின் கால்களுக்கு நடுவே புகுந்தான். கரடி திரும்புவதற்குள் அதைக் கடந்தான். கருவேல மரத்திலிருந்து பேச்சிமுத்து தொண்டை கிழிய எடுத்துக் கொடுத்தான். "ஓட்டைக் கை, ஓட்டைக் கை!" கரை அதிர்ந்தது. கடுகன் உதைத்தான். அவன் வாழ்நாளில் உதைத்த மிகச் சிறந்த உதை அதுதான். பந்து வலது புற்றின் ஓரத்தை நோக்கிச் சீறியது.

சடைச்சி முழு உடலையும் நீட்டித் தாவினாள். பந்து அவள் வெந்த கைக்குள் போய் அடங்கியது.

நடுவர் அலகைத் தட்டினார். ஆட்டம் முடிந்தது. கொம்பு மேல்சரிவுக்கே.

 சடைச்சி எழுந்து புழுதியைத் தட்டினாள். முதல் தடவையாக அந்த வலது கையை விரித்து, வடுக்கள் தெரிய, கரைக்கு எதிரே உயர்த்திப் பிடித்தாள். மடுக்கரை முழுவதும் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. தங்கள் அணியின் கோலைத் தடுத்தவளுக்காக அந்தக் கரை எழுந்து நின்றது அதுதான் முதல் முறை.

மலைக்காரர்கள் கொம்போடு கிளம்பினார்கள். கடுகன் களைத்துப்போய் மரத்தடியில் படுத்திருந்தான். பேச்சிமுத்து அருகில் வந்து உட்கார்ந்தான்.

"ஆறாவது வருஷமும் போச்சு" என்றான்.

"போச்சு. ஆனா அந்தக் கடைசி உதையை நான்தான் உதைச்சேன். அதுல வேற யாரும் இல்லை" என்றான் கடுகன். "நீங்க எல்லாரும் ஒரே நேரத்தில வாயை மூடினீங்களே, அப்ப என் பக்கத்தில நின்ன எருமை, 'இது யாரோட ரசிகர்கள்?'னு கேட்டுச்சு. 'என்னோட ரசிகர்கள்'னு சொன்னேன். அதைச் சொன்னப்ப நான் யானை உயரம் இருந்தேன்."

  இருவரும் கரையேறி, தங்களுக்காகக் காத்திருந்த கூட்டத்தோடு வீட்டுக்கு நடந்தார்கள். தோற்ற கூட்டம் போல யாரும் நடக்கவில்லை.

எதிராளியின் ஆட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், ஆனால் அவரால் ஆடி மாற்ற முடியாத துயரத்தைத் தொடாமல் நிற்கத் தெரிந்த கூட்டம்தான் தோற்றாலும் தலைநிமிர்ந்து வீடு திரும்பும்.